யார் கை பட்டது?

பங்குனி உற்சவத்தின்போது நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே அவருக்குப் பழைய சாதமும் மாவடுவும் அமுது செய்விக்கிறார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு பாட்டி, அவளுக்கு ரங்கன் என்று ஒரு பேரன். க்ஷவரம் பண்ணிக்கொள்ள ஆற்றங்கரைக்குப் போனவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி "ரங்கா, ரங்கா" என்று கதற, பேரன் உருவத்தில் பெருமாளே வந்து வாசலில் நின்றார். அவள் பிழிந்து வைத்த பழையதை வடுவைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். நிஜப் பேரன் எங்கேயோ கரையேறி வீடு வந்து சேர்ந்தபோது, வந்திருந்தவரைக் காணவில்லை.

கதையைக் கேட்டு உருகுகிறவர்கள் உருகட்டும், நானும் சிறு வயதில் உருகியிருக்கிறேன். இப்போது எனக்கு அதில் தட்டுப்படுவது அடுக்களைக் கேள்வி. கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை மூன்றாகப் பிரிக்கிறது. அதில் 9ஆம் சுலோகம் மிகுந்த புளிப்பும் மிகுந்த உப்பும் மிகுந்த உறைப்பும் ராஜசம் என்கிறது. அடுத்த சுலோகம் நேரம் தாண்டியது, ரசம் போனது, ஊசினது, இரவு கடந்தது எல்லாவற்றையும் தாமசத்தில் தள்ளுகிறது. இரவு கடந்தது என்றால் என்ன என்று உடையவர், அதாவது ராமானுஜர், தம் கீதா பாஷ்யத்தில் விளக்குகிறார்: காலம் போனதால் வேறு சுவையை அடைந்தது. காலம் போகப் போக வேறு சுவையை அடைவதைத் தவிர மாவடுவுக்கு வேறென்ன வேலை? ஆக ஜீயபுரத்துத் தளிகைத் தட்டில் இருப்பது ஒன்று தாமசம், மற்றொன்று ராஜசம், தாமசம் இரண்டும். அதைத்தான் ரங்கநாதன் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான், அதுவும் உடையவர் ஒழுங்குபடுத்தி வைத்த கோயிலிலிருந்து புறப்பட்டுப் போய்.

மனு தர்மம் எழுதியவருக்கும் இந்த இடத்தில் நாக்கு குறுக்கே வந்திருக்க வேண்டும். 5ஆம் அத்தியாயத்தில் புளித்துப்போனதையெல்லாம் விலக்கு என்று சொல்லிவிட்டு, மறு சுலோகத்திலேயே தயிரும் தயிரிலிருந்து வருவதும் ஆகும், நல்ல பூ, கிழங்கு, கனிகளைப் புளிக்கவைத்து எடுப்பதும் ஆகும் என்கிறது. கொஞ்சம் தள்ளி, நெய்ப்பசை சேர்ந்த பண்டம் இரவு தாண்டினாலும் குற்றமில்லை என்று இன்னொரு கதவையும் திறந்துவிடுகிறது. வடுவுக்கு விளக்கெண்ணெய் தடவுகிறோமே, அது இந்தக் கதவு வழியாகவும் உள்ளே வரலாம்.

எனக்கு இது புதுக் குழப்பம் இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பால் பண்ணையின் ஆய்வகத்தில் இருந்தேன். விடியற்காலையில் சங்கங்களிலிருந்து கேன் கேனாகப் பால் வந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு எப்போது நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். புளிப்பு ஏறியிருந்தால் கொதிக்கவைக்கும்போது திரிந்துவிடும், அந்தக் கேனைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். கொண்டுவந்தவர் முகம் தொங்கிப்போகும். அதே கட்டடத்தில் நாலு அறை தள்ளி, நல்ல பாலில் உறை விட்டு, அதே புளிப்பு எப்போது ஏறும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு இடத்திலும் உண்டாவது லாக்டிக் அமிலம்தான். முன்வாசலில் அது குற்றம், பின்கட்டில் சரக்கு. கெட்டது எது, பக்குவமானது எது என்பதைப் பரிசோதனைக் குழாய் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

சரி, சுத்தம் என்பது எங்கே இருக்கிறது? பண்டத்திலா, தொட்டவரிலா, தின்கிறவரிலா? இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் பொறுமை எனக்குக் குறைவு. நான் யோசித்ததெல்லாம் வடுவைத் துடைத்துக்கொண்டே யோசித்ததுதான்.

திருவானைக்கோவிலில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் பங்குனி பிறந்தால் கூட்டாக வடு போடுகிறோம். எதிர் வீட்டு அக்கா முசிறிப் பக்கம். காந்தி மார்க்கெட்டில் நத்தம் பக்கத்து வடு எந்த நாள் வந்து இறங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும், பேரம் பேசுவதும் அவர்தான். கீழ் வீட்டு டீச்சர் கிறிஸ்தவர், பெரும்பாலும் அப்போது தவக்காலத்தில் இருப்பார். மூன்றாவது மாடியில் ஒரு பெண், வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர். பிறகு எங்கள் மாடிப்படி கூட்டுகிற அம்மா. அவருக்கு ஊறுகாய் விஷயத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கை தேர்ச்சி அதிகம், அதைச் சொல்லிக்காட்டவும் அவர் தயங்குவதில்லை.

முதல் வேலை பொறுக்குவது. பறித்த வடுவாக இருக்க வேண்டும். மரத்தடியில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கி விற்கிறார்கள், அது உள்ளே அடிபட்டிருக்கும், ஜாடியில் ஒரு மாதம் கழித்துக் கொழகொழவென்று கையில் வரும். காம்பு நின்றிருக்க வேண்டும். காம்பைக் கிள்ளினால் பால் பீறிடும், கண்ணில் கன்னத்தில் பட்டால் பொத்துப்போகும், ஆகவே முழுதாகக் கிள்ளாமல் ஒரு நகக்கண் நீளம் விட்டு நறுக்குவோம். பிறகு அலம்பி, நடைபாதையில் பழைய வேஷ்டியை விரித்துப் பரப்பி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டுத் துணியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைக்கிறோம். இதில்தான் பொழுது போகும். காம்படியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அங்கே ஒரு பொட்டு ஈரம் நின்றாலும் போதும், அத்தனை பேர் உழைப்பும் வீண். துணி முனையைத் திரித்து அந்தப் பள்ளத்துக்குள் விட்டு எடுக்க வேண்டும். கூட்டுகிற அம்மா இதை இரண்டு விரலில், பார்க்காமலே, பேசிக்கொண்டே செய்வார். டீச்சர் ஒவ்வொன்றையும் மூக்குக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்.

அப்புறம் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் ஊற்றி வடுவின் மேல் பூசிப் புரட்டுவது. பிறகு ஜாடி, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பழைய பீங்கான் ஜாடி. ஒரு வரிசை வடு, அதன் மேல் கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, மறுபடி வடு. எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி உப்பு. வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி என் வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் தூக்கிக் குலுக்கிவிட்டுப் போக வேண்டும், அதுதான் ஏற்பாடு. முதலில் கல்லும் காயும் உரசுகிற சத்தம்தான் வரும். இரண்டு மூன்று நாள் போனால் சத்தம் கனத்து, உள்ளே ஏதோ புரள்கிற மாதிரி ஆகும். உப்பு வடுவிலிருந்து தண்ணீரை இழுத்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு வடு சுருங்கி, தன் தண்ணீரிலேயே தான் முழுகி உட்காரும்.

காயின் தோலோடும் எங்கள் கைகளோடும் எத்தனையோ நுண்ணுயிர்கள் உள்ளே போகின்றன. அந்த உப்பில் பெரும்பாலானவை நிற்க முடியாது. நிற்கக்கூடிய சில, காற்றில்லாத அந்தத் தண்ணீருக்குள் மெதுவாகப் புளிப்பை உண்டாக்கும், காயின் சொந்தப் புளிப்பும் அதோடு சேரும். கடுகின் நெடி பூசணத்தைத் தள்ளிவைக்கும். பிஎச் 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் போட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமியும் வளராது. பழைய பழக்கம் விடாமல் நான் ஒரு துண்டு பிஎச் தாளை நனைத்துப் பார்ப்பேன். 4க்கும் கீழே காட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். எதிர் வீட்டு அக்காவுக்கு இந்தத் தாள் ஒரு வேடிக்கை. அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "ஆயிருச்சு" என்பார், தாளும் அதையே சொல்லும்.

உணவின் சுத்தத்தைப் பற்றி உடையவர் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திரத்திலேயே பேசுகிறார். பக்தி கைகூட ஏழு சாதனங்கள் வேண்டும், அவற்றில் முதலாவது விவேகம். மூன்று குற்றங்கள் இல்லாத உணவால் உடம்பைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் விவேகம் என்று தமக்கு முந்திய வாக்கியகாரரை மேற்கோள் காட்டிச் சொல்கிறார். பண்டத்தின் இயல்பிலேயே இருக்கும் குற்றம் ஜாதி தோஷம், பூண்டு வெங்காயம் போல. அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வரும் குற்றம் ஆச்ரய தோஷம். மயிர், தூசி, புழு என்று வந்து விழும் குற்றம் நிமித்த தோஷம்.

முதலாவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. பூண்டை விலக்குகிறவர்கள் நாங்கள் மட்டுமில்லை. கொரியாவில் குளிர் தொடங்கும்போது ஊரே கூடி முட்டைக்கோசுக்கு உப்புப் போட்டுக் கிம்ச்சி செய்கிறது. கிம்ஜாங் என்னும் அந்தக் கூட்டு வேலையை யுனெஸ்கோ 2013இல் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் பௌத்த மடத்துக் கிம்ச்சியில் பூண்டும் வெங்காயத்தாளும் கிடையாது. மூன்றாவதில் எனக்கு முழுச் சம்மதம். என் அம்மா ஊறுகாய் ஜாடிக்கென்று தனி மரக்கரண்டி வைத்திருந்தாள். பத்துக் கையோடு, அதாவது சாதம் தொட்ட கையோடு, அதைத் தொட்டால் பட்டென்று அடி விழும். மடிக்காக அடித்தாள். எனக்கு ஆய்வகத்தில் சம்பளம் கொடுத்து அதையேதான் செய்யச் சொன்னார்கள். சோற்றுப் பருக்கையின் மாவும் கையின் ஈரமும் ஜாடிக்குள் போனால் எது முளைக்கும் என்பதற்குப் படம் போட்டு விளக்கம் தரலாம்.

நடுவில் இருப்பதுதான் முள். யாரிடமிருந்து?

அம்மா காலத்தில் அந்தக் கேள்வி முதலில் வீட்டுக்குள்ளேயே கேட்கப்பட்டது. தூரமானவள் ஜாடியைத் தொடக்கூடாது என்பது மட்டுமில்லை, அது இருக்கும் அறைப் பக்கம் நிழல்கூடப் படக்கூடாது, பட்டால் ஊறுகாய் பூத்துவிடும். இது நம் பாட்டிகளின் மூடத்தனம் என்று சிரிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஃப்தீரியாவுக்குச் சோதனை கண்டுபிடித்த பேலா ஷிக் என்ற பெரிய மருத்துவர், மாதவிடாயில் இருக்கும் பெண்ணின் கையில் பூவை வாடவைக்கிற ஒரு நஞ்சு இருக்கிறது என்று 1920இல் வியன்னாவில் எழுதினார். மெனோடாக்ஸின் என்று அதற்குப் பேரும் வைத்தார்கள். அப்படி ஒரு நஞ்சு இல்லை என்று ஆன பிறகும் அந்த நம்பிக்கை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நெடுங்காலம் நடமாடியது. எங்கள் நடைபாதையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வடு அது பாட்டுக்கு ஊறுகிறது.

அதனால் ஆச்ரய தோஷத்தை நாங்கள் தாண்டிவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. ஒரு வருஷம் ஜாடி பூத்துவிட்டது. வேட்டை அவிழ்த்தால் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறது, அடியில் வடு குழைந்துகிடக்கிறது. மாசி மாதத்திலிருந்து திட்டம் போட்டுச் செய்தது. எல்லாரும் நடைபாதையில் கூடிவிட்டோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தரும் கேட்பதற்கு முன்னால் கூட்டுகிற அம்மா சொன்னார்: "அந்த வாரம் பூரா நான் ஊருக்குப் போயிட்டேங்க. நான் ஜாடியத் தொடவே இல்ல."

டீச்சர் உடனே, "அய்யய்யோ, உங்களை யாரு சொன்னா?" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அந்தக் கேள்வி தன்னிடம்தான் முதலில் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் வந்திருக்கிறது. அடிபட்ட வடுவா, ஜாடியின் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறலா, யாரோ ஒருவர் பிள்ளை ஈரக்கையோடு குலுக்கியதா, கடைசி வரை தெரியவில்லை. எதிர் வீட்டு அக்கா அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு ஜாடியை வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்.

அன்று ராத்திரி கீதையின் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் என்கிறது 14ஆம் சுலோகம். செயல் நடக்கிற இடமான உடம்பு, செய்கிறவன், கருவிகள், பலவகைப்பட்ட முயற்சிகள், ஐந்தாவது தெய்வம். ஐந்தாவது என்று சொல்வது உள்ளே நின்று நடத்தும் பரமாத்மாவை, அவனே இதில் முதன்மையான காரணம் என்பது உடையவர் உரை. இரண்டு சுலோகம் தள்ளி, இப்படி இருக்கத் தான் ஒருவனே செய்தவன் என்று நினைக்கிறவன் சரியாகப் பார்க்கவில்லை என்று வருகிறது. உபந்நியாசத்தில் இதை அகங்காரத்துக்கு மருந்தாகத்தான் சொல்வார்கள், நன்றாக நடந்தால் நான் செய்தேன் என்று மார்தட்டாதே என்பார்கள். எனக்கு அன்று அது மறுபக்கமாகப் பட்டது. வடு நன்றாக வந்த வருஷங்களில் ஐந்து காரணமும் பேசினோம், மழை, மரம், உப்பு, பெருமாள் கிருபை எல்லாம் சொன்னோம். கெட்டுப்போன வருஷம் மட்டும் ஐந்தும் சுருங்கி ஒரே கையாகிவிட்டது, அந்தக் கைக்குரியவரே முன்வந்து கணக்கும் சொல்ல வேண்டியிருந்தது. தோஷம் தொட்டவரிடம் இருக்கிறது என்று நம்புவதற்கு மடிசார் கட்டத் தேவையில்லை.

என் அத்தை ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் இருக்கிறார். எண்பது தாண்டியவர், இன்னும் மடியாகத் தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாமல் பல்லில் தண்ணீர் படாது. வடு தயாரானதும் ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தார், முகர்ந்தார், நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்:

"யார் யார் கை வெச்சேள்?"

சொன்னேன், ஒருவரையும் விடாமல். பாட்டிலை அப்படியே என் பக்கம் நகர்த்தினார். கோபமில்லை. "நீயே வெச்சுக்கோடி, எனக்கு இருக்கு" என்றார்.

நான் விடவில்லை. திருக்கச்சி நம்பி கதையை எடுத்தேன். காஞ்சிபுரத்தில் வரதனுக்கு ஆலவட்டம் வீசிக்கொண்டிருந்த நம்பி அந்தணர் இல்லை. இளையாழ்வாராக இருந்த உடையவர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து அமுது செய்யச் சொல்லி, அவர் சாப்பிட்ட சேஷத்தைத் தாம் சாப்பிட ஆசைப்பட்டார். நம்பியைத் தேடி அவர் ஒரு தெரு வழியாகப் போக, நம்பி இன்னொரு தெரு வழியாக வந்து சேர்ந்துவிட்டார். அகத்தில் இருந்த தஞ்சமாம்பாள் அவருக்குப் பரிமாறினாள், அவர் போனதும் இலையைக் குச்சியால் தள்ளி, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, குளித்துவிட்டு, கணவருக்காக வேறு தளிகை பண்ணினாள். திரும்பி வந்தவர் மனம் உடைந்துபோனார். "அத்தை, ஆச்ரய தோஷத்தை எழுதினவரே நம்பி இலையிலேர்ந்து சாப்பிடணும்னு நின்னாரே" என்றேன்.

அத்தை சிரித்தார். "உடையவர் தனக்கு வேணும்னு கேட்டார். நீ எனக்கு வேணும்னு கேக்கறே. ரெண்டும் ஒண்ணா?"

வழி நெடுக அதை நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தன் ஆசாரத்தைத் தானே தாண்டிப் போவது ஒருவருடைய பக்தி. இன்னொருவரை அதைத் தாண்டு என்று பிடித்துத் தள்ளுவதற்கு அந்தப் பேர் கிடையாது. ஆனால் அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது, சொல்கிறவர்கள் அதில் நிற்பதில்லை. தஞ்சமாம்பாளிடம் யாரும் எதுவும் சொல்லிவைத்ததாகக் கதையில் இல்லை. நம்பி வருகிறார், அவர் இலையில் மிச்சம் வை, அது எனக்கு வேண்டும் என்று அவளுக்குச் சொன்னது யார்? பிறந்த வீட்டில் அடித்துப் பழக்கிய மடியை அவள் பிசகாமல் செய்தாள். குருபரம்பரைக் கதையில் அவளுக்கு வரும் மூன்று குற்றங்களும் சோறும் தண்ணீரும் பற்றியவைதான்: நம்பி சாப்பிட்ட இடத்தை மெழுகியது, பசித்து வந்தவனுக்குச் சோறில்லை என்றது, கிணற்றடியில் பெரிய நம்பியின் தேவியார் குடத்து நீர் தன் குடத்தில் தெறித்ததற்குச் சண்டை போட்டது. அதோடு அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு அவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். சூத்திரத்துக்கு உரை எழுதும் இடத்தில் ஆச்ரய தோஷம் ஒரு சொல். அதை அன்றாடம் துடைத்து மெழுகிக் காப்பாற்ற வேண்டியவள் அடுக்களையில் நிற்கிறாள், காப்பாற்றியதற்காகத் திட்டு வாங்குகிறவளும் அவளே. அத்தையை மூடநம்பிக்கைக்காரி என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இது ஒரு காரணம்.

அதற்காக அவர் சொன்னதை அப்படியே ஏற்கவும் முடியவில்லை. யாரிடமிருந்து வருகிறது என்ற கேள்வியை நான் தூக்கிப்போட மாட்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு கேனுக்கும் சங்கத்தின் எண் உண்டு, அது இல்லாமல் பால் வாங்க மாட்டோம். கேள்வி தேவைதான், பிறப்பை வைத்துப் பதில் சொல்வதில்தான் கோளாறு. நடைபாதையில் உட்கார்ந்து துடைக்கும்போது யார் கை எப்படிப்பட்டது என்று எங்களுக்கு வேறு வகையில் தெரிந்துபோகிறது. டீச்சர் கை மெதுவானது, ஆனால் ஒரு வடு தப்பாது. எதிர் வீட்டு அக்கா உப்பை அள்ளும்போது கை தாராளம், பார்த்துக்கொள்ள வேண்டும். என் கை அவசரக் கை என்று அவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். கூட்டுகிற அம்மா துடைத்த கும்பலை யாரும் மறுபடி சோதிப்பதில்லை. ஜாடியைப் பிரிக்கும்போது அவருக்கும் எல்லாருக்கும் போல சரிபாகம். ஆரம்பத்தில் "எனக்குக் கொஞ்சம் போதும்" என்றவர், இப்போது பாத்திரத்தை அவரே பெரிதாகப் பார்த்துக் கொண்டுவருகிறார்.

மூன்றாவது மாடிப் பெண்ணைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் எங்களோடு பொறுக்குவார், அலம்புவார், துடைப்பார். உப்பு டப்பாவைத் திறந்ததும் எழுந்து போய்விடுவார். முதலில் ஏதோ அடுப்பில் வைத்திருக்கிறார் என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் அவரே சொன்னார். ஊறவைத்துப் புளிக்கவிடுவதில் கணக்கில்லாத உயிர்கள் உண்டாகின்றன, தின்றால் அத்தனையும் சாகின்றன, அதனால் அவர்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஊறுகாய் ஆகாது. தின்னாவிட்டால் போதாதா, செய்யும்போது கூட இருந்தால் என்ன என்று டீச்சர் கேட்டார். தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, செய்வதற்கு உடன்படுவது மூன்றும் வினைதான் என்றார் அவர். சொல்லிவிட்டு, "துடைக்கிற வரைக்கும் அது வெறும் மாங்காதானே, அதுவரைக்கும் வரேன்" என்று சமாதானமும் சொன்னார்.

உண்மையில் எங்களில் ஆய்வகத்துக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான். ஓர் உடம்பில் எண்ணிலடங்காத நுண்ணிய உயிர்கள் குடியிருக்கின்றன என்று சமண நூல்கள் பேசுகின்றன. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில்கூட, புளிப்பது என்பது அழுகும் பொருள் பரப்புகிற வெறும் இரசாயனச் சிதைவு என்றுதான் லீபிக் போன்ற பெரிய வேதியியலார் நம்பினார்கள். 1857இல் பாஸ்டர், பால் புளிப்பது உயிருள்ளவற்றின் வேலை என்று எழுதினார். 1878இல் லிஸ்டர் அந்தப் பாக்டீரியாவைப் பாலிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார். ஜாடிக்குள் உயிர்கள் இருக்கின்றன என்பதில் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் இப்போது கருத்து வேறுபாடே இல்லை. அவற்றை என்ன செய்யலாம் என்பதில்தான் இருக்கிறது. இட்லி மாவு, தயிர், வடு என்று நான் தினமும் கோடிக்கணக்கில் வளர்த்துக் கோடிக்கணக்கில் விழுங்குகிறேன். உடையவரின் மூன்று தோஷங்களில் இதற்கு இடமே இல்லை. யார் தொட்டார், என்ன விழுந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, உள்ளே இருப்பவற்றின் பக்கம் நின்று யோசிக்கத் தோன்றவில்லை. அவருக்குப் பதில் சொல்ல நான் முயன்று பார்த்தேன். அவை நாம் தின்னாவிட்டாலும் தம் புளிப்பிலேயே முழுகிச் சாகத்தான் போகின்றன என்றேன். "எல்லாரும் சாகத்தானே போறோம்" என்றார். என்னிடம் அதற்கு மேல் வாதம் கைவசமில்லை. வடுவை விடவும் போவதில்லை.

அவர் தன் வீட்டுக்கு எலுமிச்சங்காய் போடுகிறார். நறுக்கி உப்பும் மஞ்சளும் பிசறி, மொட்டை மாடி வெயிலில் மூன்று நாள் சுள்ளென்று காயவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் எடுத்து எண்ணெயில் போட்டுவிடுவார். அப்படிச் செய்தால் அவர்கள் வழக்கப்படி ஆகும். பூண்டு இல்லை, பெருங்காயம் மட்டும். கூட உட்கார்ந்து நறுக்க எங்களையும் கூப்பிடுவார், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு ஒரு துண்டுகூட வாயில் போட விடமாட்டார். சென்ற சித்திரையில் அதில் கொஞ்சம் அத்தைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், சமணாள் அகத்துப் பெண் பண்ணினது என்று. ஆழ்வார் பாசுரங்கள் நாலாயிரமும் அத்தைக்குப் பாடம், அவற்றில் சமணர் மேல் இருக்கிற கோபமும் பாடம்.

"வெங்காயம் பூண்டு?"

"கிடையாது. கிழங்குகூடத் தொடமாட்டா. அஸ்தமிச்சா சாப்பாடே இல்லை."

அத்தை பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ராத்திரி சாப்பிடமாட்டாளா? அப்போ நம்மாத்துக்காராளைவிட ஆசாரமான்னா இருக்கா" என்று மூடியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்றும், வெயில் இன்னும் ஒரு நாள் கண்டிருக்கலாம் என்றும் அவளிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாவது மாடிப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தடவை காயவைக்கும்போது அந்த மாமியையே கூட்டிக்கொண்டு வாருங்கள், வந்து பார்த்துச் சொல்லட்டும் என்கிறார்.